யாழினியின் இடம்

ஸ்ரீரங்கம்,
புதன் இரவு.

அன்புள்ள மாமா,

அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் பேசும்போதெல்லாம் பாப்பா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் நாளை மஸ்கட் திரும்பும் உங்கள் அறை நண்பர் முஜிபுர் ரஹ்மானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்தாகிவிட்டது. மண்ணச்சநல்லூரிலிருந்து அப்பா ஒரு மூட்டை அரிசி அனுப்பினார்.

அந்த ஊரை விட்டு இங்கே வந்ததே நம் பாப்பா செல்லக்கிளியின் படிப்புக்காக. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று: புது ஸ்கூலில் முதல் மாதம் யாரும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவளுக்கு நாம் வைத்த உங்கள் அம்மா பெயர் அந்தப் பிள்ளைகளுக்குச் சிரிப்பாக இருந்தது. “ஏய் கிளி, மரத்துல போய் உக்காரு” என்பார்களாம். உட்காரப் போனால் பெஞ்சில் பையை வைத்துவிடுவார்களாம். தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழுவாள்.

ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்தாள். இரண்டாம் பெஞ்சில் காலியாகவே கிடந்த இடத்தில் டீச்சர் உட்காரவைத்தாராம். அன்றிலிருந்து எல்லோரும் அவளை யாழினி என்று கூப்பிடுகிறார்களாம். அது யார் என்று நான் கேட்கவில்லை. சேர்த்துக்கொண்டார்களே என்ற சந்தோஷத்தில், “அவங்க எப்படிக் கூப்பிட்டாலும் அப்படியே இருந்துக்கோடி” என்றேன். நான் சொன்னதுதான், மாமா.

அப்புறம் டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வந்தது. ஆனால் பாப்பாவுக்குப் பசியில்லை. நான் பின்னிய ஒற்றைச் சடை இரட்டையாகி வந்தது. ஸ்கூல் ஆயா பின்னியிருப்பார் என்று விட்டுவிட்டேன். ஆட்டோக்காரர் வீரமலைதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். யாழினி அந்த வகுப்புக் குழந்தை. போன வருடம் காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவள் அம்மா இன்னமும் மத்தியான மணிக்குச் சாப்பாட்டுக் கூடையோடு வருகிறாராம். தடுக்க யாருக்கும் மனசு வரவில்லையாம்.

இன்று போய்ப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே அந்தம்மா நம் பாப்பாவுக்குப் பருப்புச்சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பிள்ளைகள் சத்தமே இல்லாமல் சாப்பிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நம் பெண் திரும்பவில்லை. கிட்டப் போனதும் நிமிர்ந்து, “ஆன்ட்டி, நீங்க யாரோட அம்மா?” என்றாள். அந்தம்மா சிரித்த முகமாக, என் பிள்ளையைப் புதிதாகச் சேர்த்திருக்கிறேனா என்று விசாரித்தார். நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் கேட்டதற்கு, “யாழினியா இருந்தாத்தானே சேத்துக்குவாங்க? நீதானே சொன்ன” என்றாள். இப்போது வீட்டிலும் பெயர் சொன்னால் திரும்புவதில்லை. தூக்கத்தில், யாரோ ஊட்டுவதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள்.

நாளை டீச்சரைப் பார்த்து, அவளை அவளாகவே சேர்த்துக்கொள்ளச் சொல்லப் போகிறேன். மறுபடி தனியாகிவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது. அந்தம்மாவின் முகமும் கண்ணிலேயே நிற்கிறது.

இது கிடைத்ததும் போன் செய்யுங்கள். ‘பாப்பா’ என்று சொல்லாதீர்கள். உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டு முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வராவிட்டால் வைத்துவிடாதீர்கள், மாமா. அவள் திரும்புகிறவரை கூப்பிட்டுக்கொண்டே இருங்கள்.

உங்கள்,
சுபஸ்ரீ