ஞாயிற்றுக்கிழமைத் தம்பி

உன் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுக்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள். நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. வாழ்நாளெல்லாம் உழைத்தவளுக்கு அவர்கள் காட்டிய மரியாதை அவ்வளவுதான். அதையும் நான் மறக்கப்போவதில்லை.

நேற்று அதற்காக ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தேன். உன் அறையில் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில், விசிறி வடிவத்தில் வெள்ளையாக ஒரு படலம். தூசி என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. பிறகுதான் புரிந்தது, கஞ்சி. தொப்பித் துணியைக் கஞ்சியில் முக்கிப் பிழிந்து, சுருக்கம் இல்லாமல் நீவி, அந்தக் கண்ணாடியில் ஒட்டிவைப்பாய். காய்ந்ததும் தகடு போல உரிந்து வரும். இஸ்திரிப் பெட்டிக்கு வழியில்லாத நர்ஸ் பயிற்சிப் பள்ளி விடுதியில் கற்றுக்கொண்ட வித்தை அது. கடைசிவரை அதை நீ விடவில்லை.

இந்த மடலை உன்னைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ தொடங்காததற்குக் காரணம் உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அப்பா இறந்தபோது எனக்கு எட்டு வயது, உனக்கு இருபத்தைந்து. கிணறு ஆழப்படுத்தும்போது மண் சரிந்து இடுப்புக்குக் கீழே நசுங்கி, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் சில நாட்கள் கிடந்து போய்ச் சேர்ந்தார். அதன்பின் ஒரகடத்துக்குப் பக்கத்தில் உன் அண்ணன் வீட்டில் ஒதுங்கினோம். மாமாவுக்கு ஏரிப்பாசன நிலம் இருந்தது, நாலு பிள்ளைகள் இருந்தார்கள், சம்பளம் இல்லாத வேலைக்காரியாக நீ கிடைத்தாய். நீ எட்டாம் வகுப்பு தேறியவள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. உனக்கு மட்டும் நினைவிருந்தது.

உன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. டீச்சர் டிரெயினிங், இல்லையென்றால் நர்ஸ் டிரெயினிங். மாமா முதலாவதற்கு முணுமுணுத்துக்கொண்டாவது சம்மதித்திருப்பார். நீ இரண்டு இடங்களுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து நர்ஸ் வேலைதான் என்றாய். மாமா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாது? ஊரான் பீத்துணி அலசுற வேலைக்கா போவப் போற?"

"உம் புள்ளைங்க பீத்துணிய யாருண்ணே அலசுறது? நாந்தானே. அதையே அங்க போயி அலசுறேன்."

"ஆம்பளைங்கள தொட்டுத் துடைக்கணும்மா. ஊர்ல தலை காட்ட முடியுமா நானு?"

"எம் புருசன் கெடந்தப்போ ஒரு நர்சுதான் துடைச்சு வுட்டா. நீ வாசப்படியிலயே நின்னுக்கினு மூக்கப் பொத்திக்கினு இருந்த."

மாமா முறத்தை வீசிவிட்டுப் போனார். டீச்சர் வேலை ஏன் வேண்டாம் என்று பிறகு நான் கேட்டேன். நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "காலங்காத்தால பள்ளிக்கூடத்து வாசல்ல என் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு புள்ளைங்கள இட்டுக்கினு போயிடுவாங்கடா. நோவுல கெடக்கிறவனுக்கு எதிர்ல வர்றவ தாலி அறுத்தவளா இல்லியான்னு பாக்க நேரமேது?"

உன்னை விவரம் தெரியாத பெண் என்று சொன்னவர்கள் மீது எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. அத்தனை தெளிவாக யோசித்து முடிவெடுத்தவர்களை நான் பிறகு கல்லூரியில்கூட அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் பள்ளிக்கு ஒரு விதி இருந்தது. கன்னிப்பெண்களைச் சேர்ப்பார்கள். விதவைகளையும் சேர்ப்பார்கள், பிள்ளை இல்லாத விதவைகளாக இருந்தால். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதியில் ஓடிவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு.

நேர்காணலுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய், கோபத்தில் இருந்த மாமா அன்று என்னை வீட்டில் விட்டுப்போக விடவில்லை. தண்டலம் தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தெரிகிற இடத்தில் பேருந்து வளைந்தபோது என் காதருகில் குனிந்தாய். "தோ பாரு, அங்க யாரு கேட்டாலும் நான் உனுக்கு அக்கா. இன்னா?" நான் சிரித்தேன், விளையாட்டு என்று நினைத்தேன். "சிரிக்காத. சொல்லு." சொன்னேன். ஏரி கண்ணுக்கு மறைகிறவரை திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாய்.

பட்டணத்துப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி அது. உள்ளே உன்னிடம் என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அப்பா போனபிறகு அதை நான் பார்த்ததில்லை. இடம் கிடைத்துவிட்டது. முதல் மூன்று மாதம் தகுதி பார்ப்பார்கள். தேறினால் தலையில் தொப்பி வைப்பார்கள், இல்லையென்றால் பெட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

நீ விடுதிக்குப் போனாய், நான் மாமா வீட்டில் இருந்தேன். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்ததை இங்கே எழுதி மாமாவுக்கு முக்கியத்துவம் தர விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். விருந்தாளிகள் வந்தால் என்னைக் காட்டி, "இவங்கம்மாவுக்குப் புள்ளையே இல்லியாம், பட்டணத்துல சொல்லிக்கினு கீது. ஒரு கார்டு எழுதிப் போட்டா நாளைக்கே மூட்டையக் கட்டிக்கினு வந்துடும்" என்று சொல்லிச் சிரிப்பார். எழுதவில்லை, உண்மைதான். எழுதாமலே அந்தக் கார்டை எங்கள் தலைமேல் இரண்டு வருடம் ஆட்டிக்கொண்டிருந்தார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் வரலாம். ஊர்க்காரர் ஒருவர் பேருந்தில் நடத்துநராக இருந்தார், அவர் என்னை ஏற்றி இறக்கிவிடுவார். விடுதியின் பார்வையாளர் கூடத்தில் நீண்ட பெஞ்சுகள். எல்லாப் பெண்களுக்கும் அம்மா, அப்பா, சித்தி, பெரியப்பா என்று ஆட்கள் வந்திருப்பார்கள். உனக்குத் தம்பி வருவான். என்னைத் தொட மாட்டாய். பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாப் படிக்கிறியா தம்பி" என்பாய். உன் புடவையில் கார்பாலிக் சோப்பு வாசனை வரும். அந்த இரண்டு மணி நேரமும் நான் உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவை மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது மாதத்தில்தான் அது நடந்தது. பல வருடங்களுக்குப் பிறகு ஒரே ஒரு முறை, சிரித்துக்கொண்டே, நீ அதை எனக்குச் சொன்னாய்.

பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும் செய்முறை வகுப்பு. மேசைமேல் எனாமல் தொட்டி, அதில் இளஞ்சூட்டுத் தண்ணீர். முழங்கையை நனைத்துச் சூடு பார்த்து, ஒரு கையால் கழுத்தைத் தாங்கி, மறுகையால் சோப்பு போட வேண்டும். உன் முறை வந்தது. வார்டிலிருந்து கொண்டுவந்த நிஜக் குழந்தை. தண்ணீர் பட்டதும் வீறிட்டு, கை கால் உதைத்து வழுக்கியது. அதற்குப் பிறகு நீ யோசிக்கவில்லை. தொட்டியை இறக்கித் தரையில் வைத்தாய். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கணுக்காலில் கிடத்தினாய். தண்ணீர் காதுக்குள் போகாமல் கையால் அணைகட்டி ஊற்றி, மூக்கின் தண்டை விரலால் நீவிவிட்டு, தலையை உருட்டி வடிவம் பிடித்து, முடித்ததும் கைத்தண்ணீரை மூன்று தரம் சுற்றிக் கீழே விட்டாய். குழந்தை அழுகையை நிறுத்தி உன்னைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

வகுப்பே சிரித்தது. மதராஸ் பெண் ஒருத்தி, "இன்னாடி இது, ஆயா கணக்கா கால நீட்டிக்கினு குந்திட்ட!" என்றாளாம். பாடம் எடுத்த சிஸ்டர் சிரிக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"ஏம்மா, இது யாரைக் குளிப்பாட்டிப் பழகுன கை?"

"தம்பிய, சிஸ்டர்."

"அந்த ஞாயித்துக்கிழமை வாற தம்பியையா?"

"ஆமா சிஸ்டர்."

அந்த சிஸ்டர் அடுத்த பார்வையாளர் நாளில் கூடத்துக்குள் நேராக நம் பெஞ்சுக்கு வந்தார். நீ எழுந்து நின்றாய், நானும் எழுந்தேன். தொப்பி வைக்கும் நாளுக்கு ஐந்து நாட்கள்தான் இருந்தன என்று எனக்குத் தெரியும். போன முறையே விரல் மடக்கிச் சொல்லியிருந்தாய்.

"எங்கப்பா இருக்க?"

"மாமா வூட்ல."

"அக்கா இங்க இருக்கா. நீ மாமா வீட்ல இருக்க. அப்ப அம்மா எங்க?"

என்னிடம்தான் கேட்டார், ஆனால் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கேள்விக்கு நீ என்னைப் பழக்கவில்லை. ஏரிக்கரையில் நாம் ஒத்திகை பார்த்ததெல்லாம் ஒரே ஒரு சொல்லுக்குத்தான். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ சுவரைப் பார்த்தாய்.

"செத்துப் போச்சு சிஸ்டர்" என்றேன்.

நீ தலையாட்டினாய். ஆமாம் என்று, மெதுவாக, இரண்டு தரம்.

சிஸ்டர் என் தலையைத் தடவினார். அங்கியிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்துக் கையில் வைத்தார். "தாயில்லாப் பிள்ளை. நல்லாப் பாத்துக்க" என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன். காலை நீட்டி உட்கார்ந்தவளைப் பார்த்த அன்றே தெரிந்திருக்கும். உன்னை வெளியே அனுப்ப அவருக்கு மனமில்லை. அதை நல்ல மனம் என்று நீ சொல்வாய். எனக்கு அது வேறு மாதிரி. தெரிந்தும், ஒரு குழந்தையின் வாயால் சொல்லவைத்து அந்தப் பொய்யை உறுதி செய்துகொண்டார். அந்த ஆரஞ்சைப் பேருந்தின் ஜன்னல் வழியாக எறிந்தேன்.

ஆனால் அவர்மேல் உள்ள கோபம் சிறியது. வாசல்வரை என்னைக் கொண்டுவிட வந்தாயே, அப்போது நீ சொன்னதுதான் பெரியது. சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நல்லா சொன்னடா" என்றாய். பாராட்டினாய். அழுதிருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த வாரம் உனக்குத் தொப்பி வைத்தார்கள். மண்டியிட்டு உட்கார்ந்ததையும், கையில் விளக்கு கொடுத்ததையும் பிறகு நடித்துக் காட்டினாய். நான் பார்க்கவில்லை. அன்று பள்ளிக்கூடம் இருந்தது.

பயிற்சி முடித்து, வேலை கிடைத்து, ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அறை எடுத்து என்னை அழைத்துக்கொண்டாய். முதல் நாள் சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, "இனிமே வூட்டுக்குள்ள அம்மான்னே கூப்புடு" என்றாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நீ காத்திருந்தாய். வரவில்லை. "சரி, மெதுவா வரும்" என்று எழுந்து போனாய். வெளியில் கூப்பிடத்தான் முடியாதே. பொய் சொல்லிச் சேர்ந்தவள் என்று தெரிந்தால் சான்றிதழ் போய்விடும், வேலை போய்விடும் என்ற பயம் உனக்கு ஓய்வே தரவில்லை. என் பள்ளிக்கூடத்தில் நீ அக்கா. எனக்குக் கல்யாணமானபிறகு என் மனைவி உன்னை வீட்டுக்குள் அத்தை என்றாள், வாசலைத் தாண்டினால் அண்ணி என்றாள். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

உன் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூசிய ஊர், பிறகு பிரசவம் என்றால் உனக்குத்தான் வண்டி அனுப்பியது. மாமாவின் மருமகளுக்கும் நீதான் பார்த்தாய். திண்டாடி எடுத்த அந்தக் குழந்தையை மாமா கையில் கொடுத்தபோது, "நர்சம்மா, நீதாம்மா காப்பாத்தின" என்று அழுதார். நீ அவரை மன்னித்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அந்தக் குணம் எனக்கு வரவில்லை. இதை உன்னிடம் பலமுறை சண்டையாகவே சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாய். உனக்குப் பணிவிடை செய்தது பயிற்சியில் இருந்த ஒரு சின்னப்பெண். உன்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்தாள். நீ கண்ணை மூடிக்கொண்டே, "துணிய இன்னும் பிழியணும்மா" என்றாய். அவள் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இவங்களுக்கு நீங்க யாரு சார்?" என்று கேட்டாள்.

நான் வாய் திறந்தேன். எனக்கு முன்னால் நீ சொன்னாய்.

"தம்பி."

வெள்ளை உடுப்பைப் பார்த்தவுடன் பழைய பயம் வந்துவிட்டதா, இல்லை, நினைவு மங்கி நிஜமாகவே அப்படி நம்பினாயா, தெரியவில்லை. அந்தப் பெண், "அப்பிடியா? பாத்தா அம்மா புள்ள கணக்கா கீறீங்க" என்றாள். நீ தலையாட்டவில்லை. தூங்கிவிட்டாய். அதற்குப் பிறகு நீ தெளிவாக எதுவும் பேசவில்லை.

கொள்ளி நான்தான் வைத்தேன். காரியம் முடித்து, தலையை மழித்துக்கொண்டு நான் பாடம் நடத்தும் கல்லூரிக்குத் திரும்பினேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதல்வர், என் தலையைப் பார்த்தார்.

"என்ன சார், அக்கா தவறிட்டாங்கன்னுதானே லீவு கேட்டீங்க? அக்காவுக்குமா மொட்டை போடுவாங்க?"

அறையில் அவரும் நானும்தான். உனக்கு இனிச் சான்றிதழ் இல்லை, வேலை இல்லை, உன்னைப் பெட்டியோடு வாசலுக்கு அனுப்ப உலகத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை. சொல்லியிருக்கலாம். அந்த மனிதரிடம் சொல்லி அவரைக் கூசவைத்திருக்கலாம், அந்த ஆசையும் எனக்கு இருந்தது.

"எங்க பக்கத்து வழக்கம் சார்" என்றேன்.

வெளியே வந்து வராந்தாவில் நின்றபோதுதான் உறைத்தது. அந்த நர்ஸ் பள்ளியில் உனக்குக் கிடைத்த இடத்துக்கு நான் இன்னும் காவல் நிற்கிறேன்.