போறணைக்குப் பொட்டு

சனிக்கிழமை, இரவு

எழுதவே வெட்கமாக் கிடக்கு. இண்டைக்கு நான் ஊர்ப் போறணைக்குக் குங்குமப் பொட்டு வைச்சிட்டன்.

மாதத்தில ஒருநாள் இந்த வெள்ளைக்கார ஊர்ச் சனமெல்லாம் அந்தப் பழங்காலத்துக் கல்லடுப்புப் போறணையில கோதுமை மாவில பாண் சுடுறவை. நெருப்பு மூட்டுற வேலையை முதல்முறையா என்னட்டத் தந்திருந்தவை. வீட்டு அடுப்புக்கு வைக்கிற பழக்கத்தில கை தன்பாட்டில பொட்டு வைச்சிட்டுது. அந்தக் கல்லில ஒரு ஆணி அடிக்கவும் விடாத ஆக்கள் அவை. பயத்தில தண்ணி தொட்டுத் தேய்ச்சன். பொட்டு தோசையளவு ஆகிட்டுது.

"இனி உன்னைப் போறணைப் பக்கமே அண்ட விடாயினம்" எண்டார் என்ர மனிசன்.

"அப்ப நீங்கள் வந்து ஊதுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு, திரும்பவும் தேய்ச்சன்.

போறணைக்குப் பொறுப்பான ரூத் வந்து குனிஞ்சு பாத்தா. "இது என்ன?"

"நெருப்புக்கு வணக்கம் சொன்னனான்."

"என்ர அம்மாவும் மூட்ட முதல் இதிலதான் சிலுவை கீறுவா. ஆனா பலகையில எழுதுற வெண்கட்டியால. அது கழுவினாப் போகும். அடுத்த மாதம் நீ மூட்டேக்க வெண்கட்டியால வை."

அடுத்த மாதமும் நான்தான்!

சந்தோசத்தில வீட்டுக்கு வரேக்க பனியில வழுக்கி, கொண்டுவந்த பாணுக்கு மேலயே குந்திட்டன். இரவு தட்டைப் பாண் சாப்பிட்டம்.