மேடைக்கு ஓர் அகதி

டுரியான் துங்கால்,
ஆகஸ்ட் 1938

அண்ணனுக்கு,

நேரில் வந்தால் எனக்கு நாக்கு எழாது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய சாமிக்கண்ணு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மலாக்கா டவுனில் சீன அகதிகளுக்கு நிதி திரட்டும் கூட்டமாம், நீங்கள் பேசுகிறீர்களாம். சீனப்பெண் ஆ லானும் அவள் கைக்குழந்தையும் மேடையில் இருந்தால் சனங்கள் மனம் இளகுமாம்.

"ஒங்க அண்ணன், ஆபீசுப் பெரிய கிராணிதான் கேட்டாரு, டீச்சரம்மா. செத்த நேரம் உக்காந்தா போதும்லா. அழுதா இன்னும் நல்லது," என்றார்.

சீனாவில் காண்டன் நகரில் ஜப்பான்காரன் குண்டு விழுந்து வீடிழந்து கப்பலேறி வந்தவள் அவள். பள்ளிக்கூடப் பின்னறையில் அவளைத் தங்க வைத்ததை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். "பயப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்," என்றீர்கள். மறுநாளே தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காவலாட்கள் வந்து அவள் மூட்டையை மழையில் ரோட்டோரம் போட்டார்கள். கிராணி சொல்லித்தான் துரைக்குத் தெரியும் என்று அவர்களே சிரித்துக்கொண்டார்கள். ஆ லானுக்குத் தமிழ் புரியாது. அவள் என்னையே பார்த்தாள். காட்டிக்கொடுத்தது நான் என்று நினைத்துவிட்டாள்.

பின்னாலேயே ஓடி, எனக்குத் தெரிந்த மலாயில் சத்தியம் செய்தேன். பாதிதான் நம்பினாள். இருந்தும் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்தாள்.

உங்கள் வேலைக்குப் பயந்திருப்பீர்கள். அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். நம் குடும்பத்தில் முதன்முதலாக என்னைப் படிக்க வைத்தவர் நீங்கள். இதுவரை நீங்கள் கேட்ட எதையும் நான் மறுத்ததில்லை.

அன்று மழையில் நனைந்த குழந்தைக்கு இருமல் இன்னும் குறையவில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை