பேனரில் போன உன் போட்டோ

அன்பு மகள் ஜெயசீலிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க தினமும் ஜெபம் பண்ணுகிறோம். அம்மாவுக்கு சுகர் கொஞ்சம் குறைந்திருக்கிறது, இங்கே பாலகாட் மைன்ஸ் பக்கம் நல்ல மழை. மனசுதான் சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்றே ஒன்று கேட்டாய், அந்த போட்டோ தம்பி ஸ்டீவனுக்கு எப்படிப்பா கிடைச்சுது என்று. எனக்குத் தெரியாதும்மா என்றேன். அது பொய். நான்தான் கொடுத்தேன். சர்ச் ஆண்டு மலரில் அக்காவைப் பத்தி எழுதுறாங்கப்பா என்று உன் தம்பி வந்து கேட்டான், நானும் பெருமையில் அவன் கல்யாண ஆல்பத்தைத் திறந்து, அவன் தோளில் கை போட்டு நீ நிற்கிற படத்தை உருவிக் கொடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் நம்ம ஊர் மைசூர் மைன்ஸ் பஸ் ஸ்டாப்பில் ஆள் உயர பேனர், நீயும் அவனும், மேலே கட்சிக் கொடி, அமெரிக்க டாக்டர் அக்காவின் ஆதரவு எங்களுக்கே என்று எழுத்து. முனிசிபல் எலெக்‌ஷனில் நிற்கிறானாம்.

பதினாலு வருஷமாக அந்த நாட்டு சர்க்கார் நோய் ஆராய்ச்சி நிலையத்தை நடத்துகிறாய், ரெண்டு கட்சியும் மாறி மாறி வந்தும் எந்தப் பக்கமும் சாய்ந்ததில்லை, யாருக்கு ஓட்டு போட்டாய் என்று பெற்ற அப்பனிடம் கூட சொன்னதில்லை, வியாதிக்கு ஏதுப்பா கட்சி என்பாய். இப்போது இந்த பேனர் படத்தைக் காட்டி, வெளிநாட்டு அரசியலில் கலந்தவள் என்று உன்னை விசாரணையில் நிறுத்தியிருக்கிறார்கள். எதிரி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அவன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். இன்னாப்பா ஆயிடுச்சு, அக்கா பேரு நமக்கு யூஸ் ஆகக்கூடாதா என்கிறான். நீ மஞ்சள் காமாலையில் கிடந்தப்போ அக்கா பரீட்சையை விட்டுட்டு பத்து நாள் உன் பக்கத்துல உக்காந்திருந்தாளேடா என்றேன். தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் பேனரை எடுக்கவில்லை. நானே ஏணி போட்டு கயிற்றை அறுத்துப் போட்டேன், மறுநாள் வேறொன்று கட்டிவிட்டார்கள்.

அதனால் இந்தக் கடிதத்தை அப்படியே விசாரணையில் காட்டு. சர்ச் மலர் என்று என் மகன் ஏமாற்றி வாங்கினான், மகளுக்கு ஒன்றும் தெரியாது, இது சத்தியம். தம்பி பேர் கெடுமே என்று நீ மறைக்கப் பார்ப்பாய், அம்மாவும் அதைச் சொல்லித்தான் அழுகிறாள். மறைக்காதே. பொய் சொன்ன அப்பனை மன்னிக்கவும் அவசரப்படாதே, மெதுவாகச் செய். வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னோடு நிற்பார். தமிழில்தான் எழுதிக் கையெழுத்து போட்டிருக்கிறேன், அவர்கள் ஆள் வைத்துப் படித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஜெயசீலிக்கும் ஸ்டீவனுக்கும் அப்பா,
ச. பர்னபாஸ்,
ஸ்கெலட்டன், கே.ஜி.எஃப்.