நீ கீறித் தந்த அப்பாவின் முதுகு

மச்சான்,

நேற்று அம்மாவின் முழங்காலுக்குப் பூசுவதற்கு மருந்துக்கடையில் ஒரு தைலப் போத்தல் வாங்கி வந்தேன். மூடியைத் திறந்ததும் டர்பன்டைன் மணம் அறை முழுவதும் பரவியது. அம்மா காலை நீட்டிக்கொண்டு காத்திருக்க, நான் போத்தலைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். ஸ்காபரோவில் நாங்கள் ஐந்து பேர் குடியிருந்த பதினோராம் மாடி வீடும், சோற்றுப் பானை வரைக்கும் ஏறியிருந்த, நீ படம் கீறும் நிறங்களின் மணமும், மற்ற மூவரும் உன்னைத் திட்டிய திட்டும் ஒன்றாய் வந்து நின்றன. போத்தல் பழசோ என்று அம்மா கேட்டார். இல்லை என்று சொல்லிப் பூசிவிட்டேன்.

ஓமடா, அம்மா வந்துவிட்டார். இந்த மாதம்தான் விசா கிடைத்தது. நீ இருந்திருந்தால் விமான நிலையத்துக்கு நீதான் கார் ஓட்டி வந்திருப்பாய். போன மாரியில், வாசல் பனியை வழித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், பிறகு எழும்பவில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை உனக்கு. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நீ கீறித் தந்த அந்தப் படத்தை அம்மா பார்த்துவிட்டார், என்ன சொன்னார் என்பதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் முதலில் இருந்துதான் வருவேன். நான் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன் என்று நீ அலுத்துக்கொள்வாயே, இப்போதும் அலுத்துக்கொள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்தோடு தொலைபேசி இல்லை. அப்பா இறந்து பத்து நாளுக்குப் பிறகுதான் கொழும்பு வழியாக எனக்குக் கடிதம் வந்தது. கொள்ளி வைக்கவில்லை, முகம் பார்க்கவில்லை. முப்பத்தோராம் நாளையாவது இங்கே ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று நின்றேன். மாலை போட ஒரு படம் வேண்டும். என்னிடம் இருந்தது மச்சாளின் கலியாணத்தில் எடுத்த ஒரே ஒரு கூட்டப் படம். அதில் முப்பது பேர், ஆளுக்கு விரல் நகம் அளவு முகம். அதைப் பெரிதாக்கினால் புள்ளியும் புகையும்தான் வரும். அதனால் உன்னிடம் கொண்டு வந்தேன். நீ கொழும்பில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவன். ரொறன்ரோவில் நகரத்துப் பெரிய ஓவியக்கூடத்தில் காவலாளி. எங்களுக்குத் தெரிந்த ஆட்களில் படம் கீறக்கூடிய ஒரே ஆள்.

எது அப்பா என்று கேட்டாய். நான் பேனா முனையால் தொட்டுக் காட்டினேன்.

"வடிவாப் பார்த்துச் சொல்லு. உவர்தானே?"

ஓம் என்றேன், உடனடியாக. இரண்டாம் தரம் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. சொந்த அப்பாவைக் கண்டுபிடிக்க ஒருவன் எத்தனை தரம் பார்ப்பான்? ஆனால் உண்மை அதுதான். அப்பா மலைநாட்டு டிப்போ ஒன்றில் பஸ் சாரதி. மாதத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருவார், அதில் ஒரு நாள் நித்திரை. நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது வயது பதினேழு.

கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக் கீறு என்று உன்னிடம் சொன்னேன். அப்பா தன் வாழ்நாளில் கோட்டுப் போட்டதில்லை. ஆனால் எங்கள் ஊர் ஸ்ரூடியோக்களில் ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு எப்போதும் தொங்கும், யார் போனாலும் அதற்குள் புகுந்து ஒரு படம். செத்த பிறகாவது அப்பாவுக்கு ஒன்று போட்டுவிட வேண்டாமா? நீ சிரித்தாய். "எங்கடை முதலாம் அறையிலையும் உதே கதைதான் மச்சான். எல்லாம் இரவல் உடுப்பு" என்றாய்.

அந்த மாரியில் உங்கள் கூடத்தில் ஐரோப்பிய ஓவியங்களைக் கால வரிசைப்படி அறை அறையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி எங்கள் நூற்றாண்டு வரைக்கும். காவலாளிகள் மணிக்கு ஒரு அறை மாறவேண்டும். ஆக, மற்றவர்கள் புத்தகத்தில் படித்த சரித்திரத்தை நீ கால் உளைவிலேயே படித்தாய். முதலாம் அறையில் புதுச்செவ்வியல். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் பழைய ரோமர்களின் போர்வையைச் சுற்றிக்கொண்டு விறைத்து நிற்பார்கள் என்றும், அவர்கள் அப்படி நிற்கும்போது உனக்கும் சுவரில் சாய மனம் வராது என்றும் சொல்வாய். அந்த அறையின் பாணியில்தான் அப்பாவைக் கீறினாய். தூரிகை போன தடமே இல்லை. கோட்டுக் காலர் கத்தி போல இருந்தது. பார்த்த எல்லோரும் அச்சொட்டு அப்பாதான் என்றார்கள். அவர்களில் ஒருவரும் அப்பாவைக் கண்டதில்லை.

முப்பத்தோராம் நாள் எங்கள் கட்டடத்தின் கீழ்மாடி மண்டபத்தில் நடந்தது. ஐயர் வந்து, கும்பம் வைத்து, படத்துக்கு மாலை போட்டு விளக்கும் ஏற்றியாயிற்று. ஒஷாவாவில் இருந்து மாமி, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, பனியில் அகப்பட்டுப் பிந்தி வந்தார். படத்துக்கு முன்னால் கும்பிடப் போனவர் கையைக் கீழே போட்டார். என்னைச் சமையல் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் மெல்லச் சொன்னார்.

"தம்பி, உது உன்ரை சித்தப்பா. அவர் வவுனியாவிலை சுகமா இருக்கிறார்."

உயிரோடு இருக்கிற மனிதனுக்கு மாலை போட்டு, விளக்கு வைத்து, வடையும் படைத்திருந்தேன். மாமி கெட்டிக்காரி. படத்தில் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். விளக்கைக் கும்பத்துக்கு முன்னால் நகர்த்தினார். ஐயர் ஒன்றும் கேட்காமல் தொடர்ந்தார், சனம் சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. போகும்போது மாமி கேட்டது ஒன்றுதான்: "உனக்கு அப்பாவின்ரை முகம் மறந்துபோச்சோ?"

நான் படத்தைக் குறை சொன்னேன், அச்சைக் குறை சொன்னேன், உன்னைக்கூடக் கொஞ்சம் குறை சொன்னேன், மன்னித்துக்கொள். வீட்டுக்கு வந்து, வேலை முடிந்து திரும்பிய உன்னிடம் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சித்தப்பாவுக்கு இனி ஆயுசு கெட்டி என்றாய். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாய். எனக்குச் சித்தப்பா அல்ல பிரச்சினை. அம்மா ஒரு நாள் இங்கே வருவார். அப்பாவின் படம் எங்கே என்று கேட்பார். பெற்ற தகப்பனின் முகம் தெரியாத பிள்ளை என்று அவருக்குத் தெரியவரும். அந்தப் பயம் ஒரு கல்லாக நெஞ்சில் கிடந்தது.

உன் லீவு நாளில் என்னைக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். வேலை செய்யும் இடத்துக்கு லீவு நாளில் போகிறவனை அன்றுதான் கண்டேன். முதலாம் அறையை நீ நிற்காமலே கடந்தாய், பார்த்தாயிற்று என்று. அடுத்ததில் புயலும் கடலும் இடிந்த கோபுரங்களும். ஓரத்தில் ஒருவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைப்புகாரைப் பார்த்தபடி நின்றான். இவர்கள் உணர்ச்சிக்காரர் என்றாய். நேர்கோடு சலித்துப்போன பிள்ளைகள். அதற்கடுத்த அறையில் சேறு படிந்த சப்பாத்தோடு உழைப்பாளிகள். ராசாக்களுக்கு மட்டும் கிடைத்த பெரிய துணியில் வயலில் உருளைக்கிழங்கு கிண்டுகிறவளைக் கீறியதற்கு அந்தக் காலத்தில் சண்டையே நடந்ததாம். நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பசித்தது.

வெளிச்சத்தைக் கீறியவர்களின் அறையில்தான் என் கால் தானாக நின்றது. கிட்டப் போனால் வெறும் நிறத் தீற்றல். நீ என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாய். ஆறும் படகும் வெயிலும் வந்தன. தகரக் குழாயில் நிறம் அடைத்து விற்கத் தொடங்கியதும் இவர்கள் அறையை விட்டு வெளியில் போய்விட்டார்கள் என்றாய். அதோடு நீ சொன்ன இன்னொன்றை நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

"கமரா வந்தோடனை முகம் கீறுற வேலை உவங்களுக்குப் போட்டுது. வேலை போன பிறகுதான் உவங்கள் பார்க்கவே தொடங்கினவங்கள்."

பிறகு வந்தது கொந்தளிக்கிற அறை. பச்சை முகம், சிவப்பு மரம். அதற்கு அப்பால், ஒரே முகத்தில் முன்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து உடைந்து கிடந்த படங்கள். என் பிள்ளையும் இதைக் கீறும் என்று அந்த அறையில் தினமும் ஒருவராவது சொல்வார் என்றும், அதைக் கேட்கும்போது சீருடையில் சிரிக்கக்கூடாது என்பதுதான் உன் வேலையிலேயே கஷ்டமான பகுதி என்றும் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த உடைந்த முகத்துக்கு முன்னால் நின்றுகொண்டு முதல் தரமாக அதைச் சொன்னேன். "என்னட்டை அப்பாவின்ரை முகம் இல்லையடா."

நீ ஆறுதல் சொல்லவில்லை. "முகம் இல்லாட்டி விடு. என்ன இருக்கு?" என்றாய்.

என்ன இருக்கிறது என்று அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்து யோசித்தேன். பாடசாலை விடுமுறையில் ஒரு தரம் அப்பா என்னை டிப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். இரண்டு கிழமை அவருக்குப் பின் சீற்றில் உட்கார்ந்து மலையெல்லாம் ஏறி இறங்கினேன். ஆக, என்னிடம் இருந்தது முதுகு. காலர் அழுக்காகாமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி மடித்துச் செருகியிருக்கும் வெள்ளைக் கைலேஞ்சி. அதற்கு மேலே பவுடர் போட்ட பின்கழுத்து. யன்னலுக்கு வெளியே வலது முழங்கை. வளைவு வருவதற்கு முன்பே கியர் மாற்றத் தாழுகிற இடது தோள். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. நீ நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாய்.

ஒரு மாதம் கீறினாய். மத்தியானங்களில், சமையலறை யன்னல் வெளிச்சத்தில், கரண்டிகளுக்கு நடுவே. முதலில் எல்லாவற்றையும் துல்லியமாகக் கீறினாய், பிறகு நீயே சுரண்டி எடுத்தாய். காக்கிச் சட்டை ஒரு பெரிய திட்டாகப் போயிற்று. பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு அப்பால் தேயிலைப் பச்சை நாலு இழுப்பு. லேஞ்சி ஒரே ஒரு வெள்ளைக் கோடு. தோள் மட்டும் சரியாகத் தாழும் வரைக்கும் என்னைக் கதிரையில் இருத்திக் கியர் போட வைத்தாய். நான் சும்மா இருக்கவில்லை. சாரதிக்கு மேலே இருக்கும் கண்ணாடிக்குள் கண் இரண்டையாவது வை என்று கெஞ்சினேன். நீ மறுத்துவிட்டாய். கண் வைத்தால் திரும்பவும் சித்தப்பா வந்து உட்கார்ந்துவிடுவார் என்றாய். அந்த இடத்தில் ஒரு வெளிச்சப் பூச்சு மட்டும் இருக்கிறது.

நான் மார்க்கம் நகருக்குக் குடிபோனபோது படமும் என்னோடு வந்தது. வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால் சும்மா ஒரு மொடேர்ன் ஆர்ட் என்று சொல்லிச் சமாளித்தேன். உன் செத்த வீட்டில் உன் படத்துக்கும் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார்கள். நீ பார்த்திருந்தால் முதலாம் அறை என்றிருப்பாய்.

இனி அம்மா. விமான நிலையத்துக்கு வெளிக்கிடும் முன்பு படத்தைக் கழற்றினேன், பிறகு மாட்டினேன், திரும்பவும் கழற்றப் போனபோது மனைவி கையைத் தட்டிவிட்டாள். அம்மா வீட்டுக்குள் வந்து, குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல், நேரே அதற்கு முன்னால் போய் நின்றார். அம்மா கை நீட்டி அந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டார்.

"உது நான் மடிச்சுக் குடுத்த லேஞ்சி" என்றார்.

பிறகு தோளைப் பார்த்தார். எந்த வளைவு என்று கேட்டார், நான் ஏதோ தெரிந்து வைத்திருக்கிறவன் போல. எனக்கு அழுகை வந்தது. கூட்டப் படம், பேனா முனை, சித்தப்பா, மாலை, வடை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமி இத்தனை வருஷம் வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கும் சில நாளையிலை முகம் வருகுதில்லைத் தம்பி. இடம்பெயரேக்கை படம் எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள். பெஞ்சாதி எண்டு இருந்துகொண்டு உதை ஆரிட்டைச் சொல்லுறது?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் வாங்கில் உட்கார்ந்து அவரைப் பற்றிக் கதைத்தோம். முகம் இல்லாமலே கதைத்தோம். எத்தனையோ வருஷமாக நெஞ்சில் கிடந்தது எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. அன்று பகலிலேயே நன்றாக நித்திரை கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒளிக்க மாட்டேன். உன் முகமும் எனக்கு இப்போது மெல்ல மங்குகிறது. மூக்கு வருகிறது, வாய் வருவதில்லை. முன்பென்றால் படம் தேடி வீட்டைப் புரட்டியிருப்பேன். இப்போது பயமில்லை. ஸ்காபரோவில் இருந்த காலத்தில், மார்க்கம் வீதி பஸ் தரிப்பில், கண்ணாடி உடைந்த அந்தக் கொட்டிலில், நீ காற்று வரும் பக்கத்தில் போய் நின்றுகொள்வாய். எனக்கும் சேர்த்துக் காற்றை மறைத்தபடி. அந்தப் பக்கம் இன்னும் எனக்குக் குளிரவில்லை.