மெட்டி கறுக்காத காளான்

நகரி
12-10-1999

என் கண்ணு ஹரிக்கு, இங்கே நானும் நைனாவும் எருமையும் சுகம். அங்கே நீ குளிருக்குப் போர்த்திக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நைனா சுகம் என்று எழுத முடியட்டும் என்றுதான் இத்தனை நாள் காகிதத்தைத் தொடவில்லை. புரட்டாசியில் வீட்டில் கறி கிடையாது, உனக்குத் தெரியும். இடி இடித்து மழை பெய்ததும் நைனா கூடையோடு புற்றுக் காளானுக்குப் போனார். கூடை பாதிதான் நிறைந்தது, ஆசை முழுசாச்சே, கொட்டகைக்குப் பின்னால் சாணத்தில் முளைத்ததையும் பிடுங்கிச் சேர்த்துவிட்டு எல்லாம் புற்றில் வந்தது என்று என்னிடம் சொன்னார். நானும் நம் வழக்கப்படி மெட்டியைக் கழற்றிக் குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்தேன். விஷமிருந்தால் வெள்ளி கறுக்கும் என்பார்களே, அது பளபளவென்று இருந்தது. எனக்குச் சனிக்கிழமை ஒருபொழுது விரதம், அவர் மட்டும் ஒரு பிடி பிடித்தார்.

கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார். கூரை மூச்சு விடுகிறது என்றார். எருமையை அத்தை என்று கூப்பிட்டு நலம் விசாரித்தார், என் அம்மா உயிரோடு இருந்தபோது இவ்வளவு மரியாதையாய் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் சிரித்தேன். அப்புறம் அவருக்கு வேர்த்துக் கொட்டியதும் என் உயிர் என்னிடம் இல்லை. பக்கத்து வீட்டு ரங்கையா ஆட்டோ பிடிக்க ஓடினார். அந்த நேரத்தில் நைனா என் கையைப் பிடித்து, "ஏமே, ஹரி வந்துட்டான், கேட்டாண்ட நின்னுக்கினு இருக்கான், கதவத் தொற" என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் தெலுங்கில் திட்டிய திட்டிலேயே பாதி போதை இறங்கியது, மீதி மறுநாள் தெளிந்தது, சாணத்துக் காளான் சங்கதியையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டார்.

உன் போன கடிதத்தை மறுபடி எழுத்துக் கூட்டிப் படித்தேன். போதைக் காளான் எல்லாம் ஒரே வம்சம் இல்லை, உறவே இல்லாத குடும்பங்களிலும் அதே சரக்கு இருக்கிறது, பூச்சி தின்னாமல் இருக்கத்தான் வந்ததோ என்னவோ, ஜீனைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தாய். பூச்சிக்கு இருக்கும் புத்தி உன் நைனாவுக்கு இல்லையே, அது எந்த ஜீன் என்று அதையும் பார். மெட்டி இனிமேல் காலிலேயே இருக்கும். நீ ஆராய்ச்சி செய்வதை ருசி பார்க்காதே, என்மேல் ஆணை.

பொங்கலுக்கு லீவு இல்லை என்று எழுதினாய். பரவாயில்லை என்று பதில் போட இருந்தேன், இப்போது போடமாட்டேன். நைனா கதவைத் திற என்றாரே, நான் அந்தக் குழம்பில் ஒரு சொட்டு தொடவில்லை, ஆனாலும் போய்த் திறந்து பார்த்தேன்.

ஏழுமலையான் உன் கூடவே இருக்கட்டும். டிக்கெட் விசாரி.

உன்னைத் திட்டவும் கொஞ்சவும் பாத்தியதை உள்ள அம்மா,
தாட்சாயணி