வலது பக்கத்து பீடிங்

சனிக்கிழமை.

கையெழுத்து கோணலாகத்தான் வருகிறது. என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுபது வயதுக்கு மேல் கற்ற எழுத்து, மெதுவாகத்தான் நடக்கும்.

ஸ்ரீரங்கம் ரங்கராஜன் சாரின் பழைய அம்பாசிடருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்கு முன் கூரை ஓரத்தில் ஓடும் பளபளப்பான குரோம் பட்டையை, பீடிங்கை, கழற்ற வேண்டும். "வளைஞ்சா வேற கிடைக்காது, பாத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு, சார் எங்கள் உறையூர் பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திருப்புளியால் நெம்பினால் தகடு மடங்கிவிடும். அதனால் மூங்கில் பட்டையை மெல்லியதாகச் சீவி, விரல் விரலாக நகர்த்தி நெம்பினேன். பெயிண்டர் பஷீர் சிரித்தான்.

"என்னண்ணே, காருக்குப் பல்லு குத்தி விடுறீங்களா?"

"நாப்பது வருஷமா பல்லே வெளக்கலடா இது" என்றேன்.

நடுவில் ஓரிடத்தில் பழைய பெயிண்ட் இறுகிப் பிடித்திருந்தது. சார் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். பிளேடால் பெயிண்டைக் கீறி, வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டுக் காத்திருந்தேன். பிறகு நெம்பியபோது முழு நீளமும் ஒரு நெளிவும் இல்லாமல் கையில் வந்தது.

எப்போதும் கழற்றியதன் உள்பக்கம் ஆணியால் கோடு போடுவேன். வலதுக்கு ஒன்று, இடதுக்கு இரண்டு. இன்று ஒரு காகிதத்தில் 'வலது' என்று எழுதி ஒட்டினேன். சார் பீடிங்கைக் கையில் வாங்கி, "வலது" என்று வாசித்துவிட்டுப் பத்திரமாகச் சுவரில் சாய்த்தார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

இடது பக்கத்தில் துரு அதிகம். அதை அடுத்த வாரம் கழற்றுகிறோம். முழுசாக வந்தால் எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுகிறேன்.